பதினைந்து நாளில் மாறிவிடும் கடைகள்: தில்லி ஹாட்டில் எடுத்த ஒரு வீடியோ பற்றிய நிகழ்வு ஆய்வு

தில்லியின் கைவினை, சாப்பாட்டுச் சந்தையான தில்லி ஹாட் பற்றி யூடியூபில் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. நுழைவாயில், மோமோ, ஃப்ரூட் பீர், வரிசையாகத் தொங்கும் துப்பட்டாக்கள், கொஞ்சம் பேரம், முடிவில் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் ஒரு வரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துப்பட்டாவைச் செய்தவர் யார், எந்த ஊர்க்காரர், அடுத்த மாதம் அவரை எங்கே பிடிப்பது என்று கேட்டால் பெரும்பாலான வீடியோக்களில் பதில் கிடைக்காது. கைவினையும் சாப்பாடும் பற்றித் தமிழில் பேசும் எங்கள் சேனலுக்காக அங்கே படம் எடுக்க முடிவு செய்தபோது, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வீடியோவின் வேலை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். திட்டம் போட்டதிலிருந்து வீடியோ வெளிவந்த பிறகு நடந்தது வரை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி சந்தைகளுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு உதவும்.

இடமும் அதன் விதியும்

தெற்கு தில்லியில், ஐஎன்ஏ மெட்ரோ நிலையத்தை ஒட்டி, ஸ்ரீ அரவிந்தோ சாலையில் இருக்கிறது இந்தச் சந்தை. திறந்தது 1994-ல். தில்லி சுற்றுலாக் கழகம், புது தில்லி நகராட்சி, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை, கைத்தறி ஆணையர் அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது. கைவினைஞர்களுக்கென்று நகரத்துக்குள்ளேயே நிரந்தரமான சந்தை வேண்டும் என்று விடாமல் பேசியவர் கைவினை ஆர்வலர் ஜெயா ஜேட்லி. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா. மூடப்பட்ட ஒரு பெரிய கழிவுநீர் ஓடையின் மேல், சுமார் 6 ஏக்கரில், செங்கல் மேடைகளும் தாழ்ந்த கூரைகளும் நடுநடுவே மரங்களுமாக அமைத்திருக்கிறார்கள். பின்னாளில் பீதம்புராவிலும் ஜனக்புரியிலும் இதே பெயரில் சந்தைகள் வந்தன. ஆனாலும் தில்லி ஹாட் என்றால் தில்லிக்காரர்கள் முதலில் நினைப்பது ஐஎன்ஏவைத்தான்.

சாப்பாட்டுக் கடைகள் மாநிலவாரியாக இருக்கின்றன, அவை நிலையானவை. கைவினைக் கடைகள் கதையே வேறு. 60-க்கும் மேற்பட்ட கடைகளை, ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்குகிறார்கள். ஒருவருக்கு 15 நாள். அது முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், அந்த மேடைக்கு வேறு மாநிலத்திலிருந்து வேறு ஒருவர் வந்துவிடுவார். நாட்டின் மூலை முடுக்கிலிருந்து பலரும் வர இந்த ஏற்பாடுதான் வழி செய்கிறது. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் வீடியோ எடுப்பவருக்கு இந்த 15 நாள் பெரிய விஷயம். எடுத்ததை வெட்டி, ஒட்டி, வசன வரி போட்டு வெளியிட ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். வீடியோ வரும்போது அந்தக் கடையில் அவர் இருக்க மாட்டார். 'இத்தனாம் நம்பர் கடைக்குப் போங்க' என்று நாங்கள் சொன்னால், நம்பிப் போகிறவர் அங்கே வேறு ஆளைப் பார்ப்பார். கடையை வைத்து வீடியோ எடுப்பது இங்கே வீண். ஆளை வைத்து எடுக்க வேண்டும். சந்தை முழுவதையும் சுற்றிக் காட்டும் எண்ணத்தை அதோடு விட்டுவிட்டு, இரண்டே கைவினைகளையும் கொஞ்சம் சாப்பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கிளம்பும் முன்

மொபைலில் எடுப்பதை அங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முக்காலி, மைக், விளக்கு என்று போனால் சுற்றுலாக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, வாசலில் நின்று வாதாடும் நேரம் மிச்சமாகும். வார நாளில், திறந்த உடனே போய்விட வேண்டும். முற்பகலில் கைவினைஞர்கள் சரக்கை அடுக்கிவிட்டு, டீ குடித்தபடி பேசும் மனநிலையில் இருப்பார்கள். சாயங்காலம் வியாபார நேரம். அப்போது அவர்கள் முன்னால் கேமராவை நீட்டுவது அவர்கள் வருமானத்தில் கை வைப்பது மாதிரி. வெளிச்சத்துக்கும் காலைதான் தோது. கூரைக்கு அடியில் நிழல் சீராக விழும், துணியின் நிறம் உள்ளபடி பதிவாகும்.

இந்தியும், பீகார் பக்கம் பேசும் மைதிலியும் தெரிந்த தில்லித் தோழி ஒருவர் எங்களோடு வந்தார். கைவினைஞர் பேசும்போது அவர் குரலை மழுங்கடித்து மேலே தமிழில் பேசக்கூடாது, அவர் குரலையே வைத்துக் கீழே தமிழில் எழுத்துப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். தமிழ் சேனல்களில் இது குறைவு. பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் வீடியோவில் அதிகம் பேர் திரும்பப் பார்த்த இடமே ஒரு அம்மா மைதிலியில் பேசும் இடம்தான்.

மதுபனி கடை

பீகாரின் மதுபனி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் கடை. வரைபவர் மனைவி, வியாபாரத்தைப் பார்ப்பவர் கணவர். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் வரைபவரை 'தீதி' (அக்கா) என்றே கூப்பிட்டோம். அவர் கடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தார்.

பென்சில் கோடு கிடையாது. மடியில் ஒரு அட்டை, அதன் மேல் கையால் செய்த காகிதம். காகிதம் வெள்ளையாக இல்லை, லேசான பழுப்பு. சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பூசி, காய வைத்தது. நிறத்தை நன்றாகப் பிடிக்கும், பூச்சியும் அண்டாது என்றார். கையில் சீவிய மூங்கில் குச்சி. முதலில் வெளிக்கோடு, அதை ஒட்டியே இரண்டாவது கோடு, இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். மீனின் செதில் ஒவ்வொன்றுக்கும் அதே வேலை. கோட்டாலேயே நிரப்புவது கச்னி, நிறத்தால் நிரப்புவது பர்னி. அவருடையது கச்னி. குச்சியை மசியில் தோய்த்து எடுத்ததும் நேராகக் காகிதத்துக்குப் போகவில்லை, அட்டையின் ஓரத்தில் ஒரு முறை தொட்டு அதிகப்படி மசியை இறக்கிவிட்டுத்தான் போனார். ஒவ்வொரு முறையும். கேமராவை அந்த ஓரத்தில் வைத்துவிட்டோம். அங்கே சேர்ந்திருந்த மசிப் புள்ளிகளைப் பார்த்தாலே எவ்வளவு நேர வேலை என்று தெரிந்துவிடும்.

மதுபனி ஓவியம் வீட்டுச் சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்த கதையையும் வீடியோவில் சேர்த்தோம். 1934 பீகார் நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளைப் பார்வையிடப் போன ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர்தான் இந்தச் சுவர்ச் சித்திரங்களை வெளியுலகுக்குச் சொன்னார். பிறகு 1966-67 வறட்சியில், அந்தப் பகுதிப் பெண்களுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அனுப்பிக் காகிதத்தில் வரைய வைத்தது. இந்த ஓவியத்துக்காக 1975-ல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ. 2021-ல் துலாரி தேவிக்கு. வறட்சிக் காலத்தில் பிழைப்புக்காகக் கொடுத்த காகிதம்தான் இன்று தில்லியில் என் முன்னால் இருந்தது என்பது என்னை மிகவும் தொட்டது, அதை வீடியோவிலும் அப்படியே சொன்னேன்.

இங்கே நடந்த ஒரு விஷயம்தான் இந்த ஆய்வை எழுத வைத்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டபோது தீதி தாராளமாகச் சரி என்றார். ஆனால் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரிய ஓவியத்தைக் காட்டி, அதை மட்டும் வேண்டாம் என்றார். அவரே புதிதாக யோசித்து வரைந்த அமைப்பு, இன்னும் விற்கவில்லை. முன்பு இப்படி ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம், அடுத்த பருவத்தில் அதே அமைப்பு மில் புடவையில் அச்சாகி வந்துவிட்டது. புடவையை அவருக்குக் காட்டியதே ஒரு வாடிக்கையாளர்தானாம். குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நல்ல கேமராவில், நேருக்கு நேராக, முழு ஓவியத்தையும் கூர்மையாக எடுத்துப் போடுவது என்பது நகல் எடுப்பவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. ஓவியமோ துணியோ, முழு அமைப்பையும் தட்டையாக எடுப்பதில்லை. கையும் கருவியும் ஒரு மூலையுமாக, சாய்வாகத்தான் எடுப்போம். எதை எடுக்கலாம் என்று கைவினைஞரிடமே கேட்போம். 'வீடியோ எடுக்கலாமா' என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார்கள். 'எதை எடுக்க வேண்டாம்' என்று கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

விலையைப் பற்றி. பேரம் பேசி ஜெயிக்கும் காட்சிக்குப் பார்வைகள் கொட்டும், தெரியும். நான் அதை எடுக்க மாட்டேன். தீதியிடம் அந்த மீன் ஓவியத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டோம், மூன்று நாள் என்றார். விலையைக் கேட்டோம், சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நாங்கள் ஒன்றும் பேசவில்லை. தில்லி வந்து தங்கும் செலவு, ரயில் கட்டணம், விற்காமல் திரும்பும் சரக்கு எல்லாம் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 இரவு இதே சந்தையில் தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. பல மாதம் உட்கார்ந்து செய்த சரக்கை மொத்தமாகக் கொண்டுவந்து வைத்திருந்தவர்கள் அதை மொத்தமாக இழந்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு பாதி விலைக்குக் கேட்பதைப் பொழுதுபோக்காகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அஜ்ரக், அப்புறம் எடுக்காமல் விட்ட ஒரு கடை

இரண்டாவதாக எடுத்தது குஜராத்தின் கட்ச் பகுதியின் அஜ்ரக் அச்சுத் துணி. செதுக்கிய மரக்கட்டையால் அச்சு, அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு. கறுப்பு நிறத்துக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க வைக்கிறார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்குள்ள தமட்கா என்ற ஊரில் நல்ல தண்ணீர் கிடைப்பது சிக்கலாகி, இந்தத் தொழில் செய்யும் காத்ரி குடும்பங்கள் பல இடம் மாறி அஜ்ரக்பூர் என்று புது ஊரே அமைத்தன. சாயத் தொழிலில் தண்ணீர்தான் எல்லாம் என்று திருப்பூர்க்காரர்களுக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. 'இரண்டு பக்கமும் அச்சு இருந்தால்தான் அசல்' என்று பல வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஒரு பக்க அஜ்ரக்கும் கையால் செய்வதுதான், இரு பக்கம் என்பது கூடுதல் வேலை, கூடுதல் விலை. அச்சுக்கட்டை சேரும் இடங்களில் மயிரிழை அளவு விலகல் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நல்ல வழி. மில் அச்சில் ஒவ்வொரு கட்டமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக ஒரு சால்வைக் கடையையும் எடுக்க நினைத்திருந்தோம். பஷ்மினா (மெல்லிய ஆட்டு ரோமத்தில் நெய்வது) என்று சொல்லிச் சால்வையை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டினார்கள். மெல்லிய துணி எதுவும் மோதிரத்துக்குள் போகும், அது ஒரு சோதனையே இல்லை. கையால் நூற்று, கையால் நெய்த காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஸ்ரீநகரில் உள்ள பரிசோதனை மையம் சோதித்துத் தரும் லேபிளும் உண்டு. அந்த லேபிளைப் பற்றிக் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கைவினைஞருக்கு மத்திய அரசு தரும் 'பெஹ்சான்' அடையாள அட்டை பற்றிக் கேட்டோம், அட்டைக்காரர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். பணம் கட்டும் கியூஆர் அட்டையில் வேறு ஒரு பெயர்.

இதையெல்லாம் வைத்து அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் ஒருவர் பெயரில் அட்டை, இன்னொருவர் பெயரில் வங்கிக் கணக்கு என்பது சகஜம். ஆனால் கைவினைஞர் பெயரில் வியாபாரிகள் கடை போடுகிறார்கள் என்ற குறை பத்திரிகைகளில் நெடுநாளாக வருகிறது. சந்தேகம் இருக்கும் கடைக்கு நம் சேனலின் நம்பிக்கையைக் கடன் கொடுக்கக்கூடாது. கேமராவை வைத்துக்கொண்டு அங்கே சண்டை போட்டு 'அம்பலப்படுத்தவும்' கூடாது. எடுக்கவில்லை, நகர்ந்துவிட்டோம். வீடியோவில் லேபிளைக் கேட்டு வாங்கச் சொல்லும் பகுதி மட்டும் வந்தது.

சாப்பாடு

சாப்பாட்டுப் பகுதிக்கு மதியம் போனோம். பீகார் கடையின் லிட்டி சோக்காவை எடுத்தது மதுபனிக்குப் பொருத்தமாக அமைந்தது. வறுத்த கடலை மாவில் கடுகெண்ணெய், ஓமம், வெங்காயம், பூண்டு எல்லாம் பிசைந்து, கோதுமை மாவு உருண்டைக்குள் வைத்து, தணலில் சுட்டு, நெய்யில் முக்கித் தருவது லிட்டி. சுட்ட கத்திரிக்காயும் தக்காளியும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்தது சோக்கா. லிட்டியை உடைத்ததும் எழும் ஆவி சில நொடிதான் இருக்கும். தட்டு வருவதற்கு முன்பே கேமரா தயாராக இருக்க வேண்டும், பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நாகாலாந்து கடையில் மூங்கில் குருத்து போட்ட பன்றிக் கறி. வடகிழக்குச் சாப்பாட்டைத் தின்று முகத்தைச் சுளித்து, கண்ணை உருட்டி, அந்தப் படத்தையே முகப்பில் வைக்கும் பழக்கம் தமிழ் வீடியோக்களிலும் வந்துவிட்டது. எனக்கு இது சகிக்கவில்லை. புளிக்க வைத்த மூங்கில் குருத்துக்கும் சோயாவுக்கும் ஒரு வாசனை உண்டு, கருவாட்டுக்கு இருக்கிற மாதிரி. கருவாட்டுக் குழம்பை யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? எங்களோடு வந்த கேமராக்காரர் பன்றிக் கறி சாப்பிட மாட்டார். சாப்பிட மாட்டேன் என்று வீடியோவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சமைத்தவரிடம் மூங்கில் குருத்தை எப்படிப் புளிக்க வைக்கிறார்கள் என்று கேட்டார். அந்த உரையாடல் ருசி பார்த்த காட்சியைவிட நன்றாக வந்தது.

காஷ்மீர் கடையின் கஹ்வா டீ, மகாராஷ்டிரத்தின் பூரண்போளி எல்லாம் சாப்பிட்டோம், வீடியோவில் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது.

வெளிப்படுத்த வேண்டியவை

கிளம்பும்போது தீதி ஒரு சின்ன ஓவியத்தைப் பரிசாகக் கொடுத்தார், மறுத்தும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டோம், வீடியோவின் தொடக்கத்திலேயே அது அன்பளிப்பு என்று எழுத்துப் போட்டோம். இது நல்ல மனதுக்காக மட்டும் செய்வது இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு எது வாங்கியிருந்தாலும் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. கைவினைச் சந்தை வீடியோவில் இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இலவசத் துப்பட்டாவுக்காகப் புகழ்ந்த வார்த்தைக்கும் மனதாரப் புகழ்ந்த வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால், நஷ்டம் கடைசியில் நல்ல கைவினைஞருக்குத்தான்.

தொலைபேசி எண் விஷயத்தில் தீதியின் கணவர் சரியான ஒரு யோசனை சொன்னார். தங்கள் சொந்த எண்ணைப் போட வேண்டாம், ஊரில் கல்லூரியில் படிக்கும் மகன் வியாபாரத்துக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்அப் எண்ணைப் போடுங்கள் என்றார். கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை தெரிந்த இடங்களை எல்லாம் மங்கலாக்கினோம்.

வெளிவந்த பிறகு

எதிர்பார்த்தது போலவே அதிகம் வந்த கேள்வி 'கடை நம்பர் என்ன?' அதற்குள் அந்த மேடையில் வேறு ஊர்க் கைவினைஞர் வந்திருந்தார். மேலே நிறுத்தி வைத்த கருத்தில் வாட்ஸ்அப் எண்ணும், 15 நாள் சுழற்சி பற்றிய விளக்கமும் தயாராக இருந்தன. கோவையிலிருந்து ஒருவர் கல்யாணப் பரிசுக்கு ஓவியம் சொன்னார், இன்னும் சிலர் வாசலுக்குப் பெயர்ப் பலகை கேட்டார்கள். ஓவியங்களைச் சுருட்டி, பிவிசி குழாய்க்குள் வைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பினார்கள்.

சிரமங்களும் வந்தன. விலையை மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் நிறையப் பேர். ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்தவர்கள் உண்டு. வீடியோவில் பார்த்த மீனே வேண்டும், ஒரு செதில்கூட மாறக்கூடாது என்று கேட்டவர் உண்டு. மகன் சொன்னதும் கருத்துப் பெட்டியில் மூன்று விஷயங்களைச் சேர்த்தோம்: அழைக்க வேண்டாம், செய்தி மட்டும் அனுப்புங்கள். கையால் வரைவது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வேலைக்குச் சில வாரம் ஆகலாம். அதன் பிறகு தொல்லை குறைந்தது.

இந்த வீடியோவில் என்னை உறுத்தும் ஒன்று இன்னும் தீரவில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்க மகன் இருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் உதவ முடிந்தது. அஜ்ரக் கடைக்காரருக்கும் ஓரளவு முடிந்தது. மொபைலில் இதெல்லாம் செய்ய ஆள் இல்லாத, வயதான கைவினைஞர் அடுத்த மேடையிலேயே இருந்தார். அவருக்கு வீடியோவால் என்ன பயன்? நேரில் போய் வாங்குவதுதான் அவருக்கு உதவும். அதற்கு அவர் அடுத்து எங்கே இருப்பார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சந்தைகளுக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஜனவரி முதல் பாதியில் தஸ்த்காரி ஹாட் சமிதி என்ற கைவினைஞர் அமைப்பு தில்லி ஹாட்டில் பெரிய கைவினைச் சந்தை நடத்துகிறது. பிப்ரவரியில் பரீதாபாத் அருகே சூரஜ்குண்ட் மேளா, 1987 முதல் நடக்கிறது. சென்னையில் கலாக்ஷேத்ராவிலும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவிலும் அவ்வப்போது வெளிமாநிலக் கைவினைஞர்கள் வந்து கடை போடுகிறார்கள். வீடியோவுக்குக் கீழே, மற்றவர்கள் கடை எண் போடும் இடத்தில், நாங்கள் எடுத்த ஒவ்வொருவரும் அடுத்து போகும் சந்தையையும் தேதியையும் இப்போது போட்டு வைத்திருக்கிறோம். தேதி மாறினால் மகன் செய்தி அனுப்புவார், அன்றே திருத்திவிடுவோம். அஜ்ரக்காரர் அனுப்ப மறந்துவிடுவார், அவருக்கு மாதம் ஒரு முறை நாங்களே போன் செய்து கேட்டுக்கொள்கிறோம்.